திரும்பி வந்த சரக்கு

லண்டன்
12-1-1999

அண்ணாச்சிக்கு,

சுகுணா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் கடைசி வரி வரையாவது படித்துவிடுங்கள். போன் செய்திருக்கலாம். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள் என்று தெரியும். எட்டு வருஷம் கழித்து எழுதுகிறவளுக்கு நலம் விசாரிக்க உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. மதினியை மட்டும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. ஒரு காகிதம் கேட்டு எழுதுகிறேன்.

இங்கே ஒரு வழக்கறிஞர் குழுவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கட்சிக்காரர் ஒரு தீவு. சிரிக்காதீர்கள், முழுத் தீவும்தான். தலூனா என்று பெயர். கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் உள்ள தூரம்கூட நீளம் கிடையாது. இரண்டாயிரம் பேர், மீன்பிடி, தென்னை. 1891-இல் அதன் தலைவர் பிரிட்டிஷ்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். கடற்கொள்ளையர்களிடமிருந்து அவர்கள் காப்பாற்ற வேண்டும். ஊரைத் தலைவரே ஆண்டுகொள்வார். பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பிப் போனதும் பக்கத்துப் பெரிய நாடு வந்து நின்றது. தீவு பிரிட்டிஷ் சொத்தாக இருந்ததாம், அவர்கள் விட்டுப்போன சொத்தெல்லாம் தங்களுக்குத்தானாம். முப்பது வருஷமாக இழுத்த பிறகு இப்போது ஐந்து நடுவர்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொடி, முத்திரை, பள்ளிக்கூட வாசல், எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் கிரீடம் இருந்ததாம். எந்தத் தலைவரும் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லையாம். சொன்னதற்கு எழுத்தில் ஒன்று கிடைத்தால் நாங்கள் பிழைத்தோம்.

போன மாதம் தீவிலிருந்து ஒரு வயதானவர் சாட்சி சொல்ல வந்தார். சின்ன வயதில் இந்தியாவிலிருந்து வந்த தீப்பெட்டியைத் தலைவர் அதே கப்பலில் திருப்பி அனுப்பியதைப் பார்த்தாராம், பெட்டிமேல் கிரீடம் இருந்ததாம். எங்கள் ஆட்கள் கதை என்று தள்ளிவிட்டார்கள். என்னால் தள்ள முடியவில்லை. அப்பா ஒருநாள் நம் தீப்பெட்டி ஆபீஸில் கோபத்தில் மேஸ்திரியைப் பார்த்து, "தலூனா சரக்கு மாதிரி ஆக்கிப்புடாதீரும்வே" என்று கத்தினாரே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அந்தச் சரக்கோடு திரும்பி வந்த கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தாத்தா காலத்துக் காகிதங்களில் தேடிப் பாருங்கள்.

சுகுணா


உ
பூவனநாதர் துணை

கோவில்பட்டி
3-2-1999

சுகுணாவுக்குப் பூவனநாதன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம். மழை இல்லை.

நீ கேட்ட காகிதம் நம்மிடம் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நம் தீப்பெட்டி ஆபீஸின் முன்சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருப்பது உனக்கு மறந்திருக்காது: "1931 முதல் ஒரு பெட்டியும் திரும்பி வந்ததில்லை." வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நானே பக்கத்தில் நின்று பெயிண்ட் அடிக்கவைக்கிறேன். தாத்தா பூவனலிங்கம் தூத்துக்குடியில் கப்பலேற்றிய சரக்கு எதுவும் அங்கே மறுபடி இறங்கியது கிடையாது. அந்தக் கிழவர் வேறு கம்பெனிப் பெட்டியைப் பார்த்திருப்பார். அப்பா கத்தியதாக நீ எழுதியிருப்பதும் எனக்கு ஞாபகம் இல்லை.

கேட்டுவிட்டாய், அதனால் நானும் ஒன்று சொல்கிறேன். நானூறு பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு வீடுவீடாகப் போய்க் கல்யாணம் நின்றுவிட்டது என்று சொன்னவன் நான். நீ பம்பாயிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு போட்டாய், அவ்வளவுதான். சுடலைராஜ் அண்ணாச்சி வீட்டில் காபி கொடுத்து, "விடுங்க, நடக்கதுதான்" என்றார்கள். நமக்குப் போட்டியான அவர் தீப்பெட்டி ஆபீஸ் நம் ஆபீஸுக்கு எதிரே இருக்கிறது. தினமும் அவர் முகத்தில் விழிக்கிறேன்.

அப்பா போனபின் உன்னைக் காத்தவன் நான். மதுரையில் தங்கவைத்துச் சட்டம் படிக்கவைத்தவன் நான். உன்னை எங்கே கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்யவும் எனக்குத்தான் பாத்தியதை. இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை.

உன் மதினி மீனாட்சி விசாரித்ததாக எழுதச் சொல்லி அடுக்களையிலிருந்து சத்தம் போடுகிறாள். எழுதிவிட்டேன்.

பூவனநாதன்


லண்டன்
25-2-1999

அண்ணாச்சி,

பொய் சொல்லும்போது மட்டும்தான் நீங்கள் நீளமாகப் பேசுவீர்கள். "இல்லை" என்பதற்கு ஒரு வரி போதாதா? சுவர், தூத்துக்குடி, வேறு கம்பெனி எல்லாம் எதற்கு? காகிதம் உங்களிடம்தான் இருக்கிறது. இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

காத்தவனுக்கே பாத்தியதை என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பின் மனுவில் முதல் பக்கத்திலேயே இந்த வாதம்தான், இங்கிலீஷில் இருக்கிறது. தினமும் படித்துப் படித்து எனக்குப் புளித்துப்போனது. அதையே உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

நானூறு பத்திரிகையைச் சொன்னீர்கள். மாப்பிள்ளை பெயர் என்னவென்று எனக்கு அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும் என்பதைச் சொல்லவில்லையே? நான் கட்டிக்கொள்ள நினைத்த சாமித்துரையைப் பற்றிச் சொல்ல வந்தபோது, "புதியம்புத்தூர்த் தையக்காரன் மகனா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனீர்கள். அதற்குமேல் நான் எங்கே நின்று பேசுவது?

போகட்டும். என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும், அதைக் கரைக்க நான் வரவில்லை. அந்த இரண்டாயிரம் பேர் உங்களுக்கு என்ன செய்தார்கள்? அந்தப் பக்கத்து நாடு தீவில் கடற்படைத் தளம் கட்ட வரைபடமே போட்டுவிட்டது. நான் பார்த்தேன். பள்ளிக்கூடமும் இடுகாடும் இருக்கிற இடத்தில் எண்ணெய்த் தொட்டிகள். ஊர் மக்களைக் கப்பலேற்றி எங்கோ கொண்டுபோய்க் குடிவைப்பார்களாம். "அவர்கள் பாதுகாப்புக்காக" என்று எழுதியிருக்கிறார்கள், அண்ணாச்சி.

ஆவணங்களை ஒப்படைக்க மே மாதம் கடைசி நாள். அதற்குள் அந்தக் காகிதம் வராவிட்டால் கிரீடம்தான் ஜெயிக்கும்.

சுகுணா


உ
பூவனநாதர் துணை

கோவில்பட்டி
20-4-1999

சுகுணா,

இருக்கிறது.

ஆபீஸ் மேஜையின் அடி இழுப்பறையில் இருக்கிறது. சாவி என் அரைஞாணில் தொங்குகிறது. அப்பா கண்ணை மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு கொடுத்து, "வெளிய தெரியக் கூடாதுல, நம்ம பேரு போயிரும்" என்றார். இத்தனை வருஷமும் நான் அதைப் பிரித்துப் படித்ததுகூட இல்லை. உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் பிரித்தேன்.

1937-இல் லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டினார்கள். வெள்ளைக்காரன் கொடி பறக்கிற ஊருக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லாம் லேபிளில் கிரீடம் போட்டார்கள். போட்டால் மரியாதை, வியாபாரத்துக்கும் நல்லது என்று நினைப்பு. தாத்தா ஒருபடி மேலே போய்விட்டார். தலூனாத் தலைவரின் சின்னம் மீனாம். அந்த மீன் தலைமேல் கிரீடத்தைத் தூக்கி வைத்து, சிவகாசியில் தங்கமையில் அச்சடித்து, நாற்பது மரப்பெட்டி அனுப்பினார். நாற்பதும் அப்படியே திரும்பி வந்தன. கூட வந்த கடிதம் இங்கிலீஷில் இருக்கிறது. கீழே தலைவரின் மீன் முத்திரை. எனக்குத் தெரிந்த வரையில் அதைத் தமிழில் எழுதுகிறேன்:

"உங்கள் தீக்குச்சி நன்றாக இருக்கிறது, முதல் உரசலில் பற்றுகிறது. ஆனால் எங்கள் மீனின் தலையில் வேறொருவர் கிரீடம் இருக்கிறது. இங்கிலாந்து ராஜா எங்கள் நண்பர். கடலில் எங்களைக் காக்கும்படி அவரைக் கேட்டோம். கரையை அவருக்குக் கொடுக்கவில்லை. கிரீடம் இல்லாமல் அனுப்பினால் வாங்கிக்கொள்கிறோம்."

அதன் அடியிலேயே அங்கிருந்த பிரிட்டிஷ் அரசின் ஏஜெண்டு தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: "தலூனாவில் எது இறங்கலாம், எது கூடாது என்பது தலைவரின் முடிவு. எங்கள் அரசுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை."

மழையில் நனைந்த சரக்கு என்று ஊரில் சொல்லி, லேபிளைக் கிழித்துவிட்டு எட்டயபுரம் பக்கம் தள்ளிவிட்டாராம் தாத்தா. சுவரில் அந்த வாசகத்தை எழுதியதும் அதே வாரம்தான். இதுவும் அப்பா சொன்னது.

நாலு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "காக்கும்படி கேட்டோம், கொடுக்கவில்லை" என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறேன். மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தத் தலைவரு நம்ம சுகுணா மாதிரியேல்லா பேசுதாரு" என்றாள்.

ஜெராக்ஸ் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிழிக்காமல் விட்ட லேபிள் ஒன்றும் அதில் இருக்கிறது. அசல் என்னிடம் இருக்கும். சுவரைப் பற்றி மட்டும் அங்கே யாரிடமும் சொல்லாதே.

பூவனநாதன்


லண்டன்
30-6-1999

அண்ணாச்சி,

உங்கள் தபால் வந்த அன்று எங்கள் குழுவின் தலைவர், எழுபது வயது மனுஷர், நாற்காலியிலிருந்து எழுந்து நின்று படித்தார். அந்த ஏஜெண்டின் மூன்று வரிக்காக முப்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். தீவிலிருந்து வந்த பெரியவர் லேபிளைக் கையில் வாங்கி மீனைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னது கதையில்லையே, கதையில்லையே என்று எல்லாரிடமும் கேட்டார்.

ஆனால் எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? கடிதம் போலி என்கிறார்கள். கொடுத்தவர் இந்தப் பக்கத்து வக்கீலின் அண்ணன், இரண்டு பேரும் சேர்ந்து தயாரித்துவிட்டார்கள் என்கிறார்கள். எனவே நடுவர்கள் ஓர் ஆணையரைக் கோவில்பட்டிக்கே அனுப்புகிறார்கள். அக்டோபரில் வருவார்கள். அசலைப் பார்ப்பார்கள், உங்களைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய ஆள், பேச்சிலேயே தோலை உரித்துவிடுவார்.

நான் வர முடியாது. இந்தச் சாட்சியத்திலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். நாம் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களை எல்லாம் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டேன், நீங்கள் முதலில் இல்லவே இல்லை என்று எழுதியதையும் சேர்த்து. என்னை மன்னியுங்கள், வேறு வழி இல்லை. அதில் உங்கள் சுவரும் இருக்கிறது.

தீர்ப்பு வரும்வரை நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது. சாட்சியம் முடிந்தபின் நீங்கள் எழுதலாம், நான்தான் பதில் போட முடியாது. எனக்குச் சங்கடமானாலும், உங்களுக்கு அவமானமானாலும், நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

சுகுணா


உ
பூவனநாதர் துணை

கோவில்பட்டி
10-10-1999

சுகுணா,

நீ பதில் போட முடியாது என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை விசாரணை நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஆணையர் சென்னையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற நீதிபதி. ஊரிலுள்ள தீப்பெட்டிக்காரர்களில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். சுடலைராஜ் முதல் வரிசையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்கு மறுபடி கல்யாணம் நடக்கிற மாதிரி.

அந்த வெள்ளைக்கார வக்கீல் ஒரு மணிநேரம் காகிதம், மை, முத்திரை என்று கேட்டார். சமாளித்தேன். பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். நம் சுவர். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "இது உங்கள் சுவர்தானா?"

"எஞ் செவருதான்."

"ஒரு பெட்டியும் திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறது. சுவர் உண்மை என்றால் இந்தக் கடிதம் பொய். கடிதம் உண்மை என்றால் சுவர் பொய். எது பொய்?"

அப்பா சொன்னது காதில் கேட்டது. சுடலைராஜ் முகத்தைப் பார்த்தேன். இனி ஆயுசுக்கும் இந்த ஆளிடம் பேச்சுக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

"செவருதான் பொய்யி. எங்க தாத்தா எழுதுனாரு, எங்கப்பா பெயிண்ட் அடிச்சாரு, நானும் போன வருசம் வரைக்கும் அடிச்சேன். மூணு தலமொறையாச் சொல்லிட்டு வாறோம்."

வக்கீல் லேசாகச் சிரித்தார். "அப்படியென்றால் நீங்கள் பொய் சொல்லும் குடும்பம். கடிதத்தை மட்டும் எப்படி நம்புவது?"

அப்போதுதான் சுகுணா, எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது. எழுந்தே நின்றுவிட்டேன். "சார், சரக்கு திரும்பி வரலைன்னு பொய் சொல்லுத யாவாரி ஊருக்கு ஆயிரம் பேரு இருக்கான். இந்த மண்டபத்துலயே நாப்பது பேரு இருக்கான். திரும்பி வந்துச்சுன்னு பொய்க் காயிதம் உண்டாக்குத யாவாரி ஒரே ஒருத்தனக் காட்டுங்க, நான் இப்பமே எறங்கிப் போயிருதேன்!"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் மண்டபமே கை தட்டியது. "அதானே! அப்படிக் கேளும்வே!" என்று முதலில் கத்தியது சுடலைராஜ்தான். நீதிபதி மேஜையைத் தட்டினார், ஆனால் அவர் உதட்டிலும் சிரிப்பு இருந்தது.

வக்கீல் விடவில்லை. தங்கைக்காகத்தானே இதெல்லாம் என்றார். எட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது என்றேன். ஏன் என்றார். உங்கள் பக்கத்து வக்கீல் எழுந்து, இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். நான் சொல்லுகிறேன் என்றேன்.

"அவளக் காப்பாத்துனவன் நான், அதனால அவ எஞ் சொல்லுக்குள்ளதான் இருக்கணும்னு நெனச்சேன். அவ சம்மதத்தக் கேக்காமப் பத்திரிகை அடிச்சேன். போயிட்டா. தப்பு எம்மேலதான். அவகிட்ட இதச் சொல்லத்தான் இத்தன வருசமாத் தைரியம் இல்ல. ஒங்க ரிக்கார்டுலயாவது ஏறட்டும்."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் ஒரு நிமிஷம் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள். வக்கீல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நானே சுவரண்டை போனேன். குச்சி அடுக்குகிற செல்வமாரி வாசலில் நின்று, "மொதலாளி, அந்த எடத்துல இனி என்ன எழுதப் போறீய?" என்று கேட்டாள். ஒன்றும் எழுதவில்லை, சும்மா வெள்ளையாக இருக்கட்டும் என்றேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பூவனநாதன்


லண்டன்
21-7-2000

என் அண்ணாச்சிக்கு,

ஜெயித்துவிட்டோம்! நேற்றுக் காலை பதினோரு மணிக்குத் தீர்ப்பு வாசித்தார்கள். ஐந்து நடுவர்களில் நான்கு பேர் நம் பக்கம். தலூனா யாருடைய சொத்தாகவும் ஒருநாளும் இருந்ததில்லை. காவல் கேட்டவர்கள் ஊரை எழுதிக் கொடுத்ததாக ஆகாது. தீவு அங்கே வாழ்கிற மக்களுடையது. தலைமை நடுவர் வாசிக்கும்போது, "கோவில்பட்டியிலிருந்து கிடைத்த கடிதம்" என்று தட்டுத் தடுமாறி ஊர்ப் பெயரைச் சொன்னார். ஐந்து முறை சொன்னார், அண்ணாச்சி. நான் எண்ணினேன்.

தன் குடும்பப் பெருமைக்கு விரோதமாகச் சாட்சி சொன்ன ஒருவரை நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலே வெளியே வந்து என் கையைக் குலுக்கி, உங்கள் அண்ணனிடம் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை என்றார்.

தீவில் ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள். எல்லாப் படகுகளும் கடலுக்குள் போய் ஹாரன் அடித்துக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தனவாம். போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். அந்தப் பெரியவர் பேச வந்து, பேச முடியாமல் அழுதார். நானும் அழுதேன். டிசம்பரில் அவர்கள் கொடியை முதல்முறையாக ஏற்றுகிறார்கள். நீங்கள் வந்து மேடையில் உட்கார வேண்டுமாம். தலைவர் தனியாக அழைப்பு எழுதுகிறார்.

உங்கள் அக்டோபர் கடிதத்தை ஒன்பது மாதமாக வைத்துக்கொண்டு பதில் எழுத முடியாமல் நான் பட்ட பாடு சாமித்துரைக்குத்தான் தெரியும். இப்போது எழுதுகிறேன். தப்பு உங்கள்மேல் மட்டும் இல்லை. ஒரு போஸ்ட்கார்டு போட்டுவிட்டுப் போனது நான் செய்த தப்பு. நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் உங்கள் பேச்சுக்குத் தலையாட்டிவிடுவேன் என்று பயந்தேன். வீடுவீடாக உங்களை நடக்கவைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தங்கை
சுகுணா


உ
பூவனநாதர் துணை

கோவில்பட்டி
6-8-2000

அன்புள்ள சுகுணா,

உன் கடிதத்தைப் பிரித்து முதல் சொல்லைப் பார்த்ததும் ஆபீஸிலேயே கத்திவிட்டேன். செல்வமாரியும் மற்றப் பெண்களும் என்னமோ தீப்பிடித்துவிட்டது என்று வாசலுக்கு ஓடினார்கள். விஷயம் தெரிந்ததும் அன்றைக்கு வேலையே நடக்கவில்லை. சுடலைராஜ் தன் செலவில் பத்தாயிரம் வாலா சரவெடியை வாங்கிவந்து நம் வாசலில் வைத்தார். "ஏலே பூவனநாதா, ஒரு நாட்டையே ஜெயிச்சுக் குடுத்துட்டியேல!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் வாங்கப் போனால், தீவுக்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லிக் காசு வாங்க மறுக்கிறார்கள். எனக்கு நடையே மாறிவிட்டது என்று மதினி கேலி செய்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். நாலு மிஷின் போட்டு, கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். என்னைத் தெரிந்துகொண்டு, "இத்தன வருசம் கழிச்சா வாறீய, சம்பந்தி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிடவைத்து, சட்டைக்கு அளவெடுத்த பிறகுதான் அனுப்பினார்.

தலைவரின் அழைப்பு வந்தது. நானும் மதினியும் போகிறோம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று.

அதற்கு முன்னால் உனக்கு ஒன்று எழுத வேண்டும். "நீயும் மாப்பிள்ளையும் கார்த்திகைக்கு இங்கே வந்து சேரவும்" என்று முதலில் எழுதினேன். மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, இப்பமும் ஆர்டரா போடுதீய?" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

சுகுணா, நீயும் மாப்பிள்ளை சாமித்துரையும் நம் வீட்டுக்கு வர உங்களுக்குச் சம்மதமா? இல்லையென்றால் இல்லை என்றே எழுது, கோபப்பட மாட்டேன். சம்மதம் என்றால் எந்தத் தேதி, எந்த ரயில் என்று நீயே முடிவு செய்து எழுது. நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன்.

உன் அண்ணன்
பூவனநாதன்